குதிரை வயிற்றில் ஓர் ஓட்டை

மண்குதிரையைச் சுற்றி வந்து பார்த்தால் அது கண்ணில் படாது. குனிந்து, முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் நடுவே தலையை விட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும். வயிற்றின் மத்தியில், ஒரு கொய்யாக்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில், அய்யனார் கோயிலுக்காகச் செய்து, குயவரான வேளார் ஒருவர் வீட்டு வாசலில் காயவைத்திருந்த குதிரையில் அதை முதன்முதலாகப் பார்த்தேன். வேலை பாக்கி இருக்கிறது, பிறகு பூசி அடைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

“ஐயா, இதை அடைக்க மறந்தாச்சா?”

பெரியவர் கைமண்ணை இடுப்பு வேட்டியில் துடைத்துக்கொண்டார். “அடைச்சா குதிரை வெடிச்சிரும் தம்பி. உள்ள இருக்கிறவன் எப்படி வெளிய வருவான்?”

“உள்ளே யார் இருக்கா?”

“தண்ணி.”

இரண்டு வாரத்துக்கு மேல் காய்ந்த குதிரை அது. விரலால் சுண்டினால் தேங்காய் நெற்று மாதிரி ஒலித்தது. அதற்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எதிர்க்கேள்வி கேட்டிருப்பேன். கேட்காததற்கு என் சொந்த அனுபவம் காரணம்.

கல்லூரி நாட்களில் ஒரு பயிற்சி முகாமில் காளைத் தலை ஒன்று செய்தேன். கொம்பு, தாடை, நெற்றிச் சுழி எல்லாம் அமைந்த தலை. ஒரே உருண்டை மண்ணில் பிடித்தது, உள்ளே குடையவில்லை. பத்து நாள் வெயிலில் கிடந்தது. சூளையில் தீ வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, உள்ளிருந்து அணுகுண்டுப் பட்டாசுச் சத்தம். மறுநாள் பிரித்துப் பார்த்தால் என் காளை சல்லிசல்லியாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த ஆறேழு பேருடைய வேலைகளுக்கும் மூக்கோ காதோ போயிருந்தது. அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் என்னோடு ஒருவரும் பேசவில்லை.

உள்ளே காற்றுக்குமிழி இருந்திருக்கும், அதனால்தான் வெடித்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மண்வேலை கற்றுக்கொடுக்கும் இடங்களில் இன்றும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் நிற்காது. 30 டிகிரியில் இருக்கும் காற்றை 600 டிகிரிக்குச் சூடேற்றினாலும் அது மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விரியும். தண்ணீர் அப்படியல்ல. 100 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடம் கேட்கும். என் காளையை உடைத்தது காற்று இல்லை, பத்து நாள் வெயிலுக்குப் பிறகும் நடுமண்டையில் தங்கியிருந்த ஈரம். மண்ணின் தடிமன் இரண்டு மடங்கானால் உள்ளீரம் வெளியேற நான்கு மடங்கு நேரம் ஆகும். விரல் தடிமன் சுவர் இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்றால், அதைப்போல எட்டு மடங்கு கனமான என் காளைக்கு 128 நாள் வேண்டியிருந்திருக்கும். நான் கொடுத்தது பத்து.

பானைக்கும் சிற்பத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. பானை இயல்பிலேயே சீரான சுவரும் திறந்த வாயும் கொண்டது. அதன் வடிவமே தண்ணீருக்கு வழிவிடும் வடிவம். குதிரைக்கோ மனித முகத்துக்கோ அந்த வசதி இல்லை. காது மெலிது, கழுத்து கனம், வயிறு மூடியது. ஆகவே மண்சிற்பி வெளியே ஓர் உருவம் செய்யும்போதே உள்ளே இன்னொன்றும் செய்கிறார்: வெற்றிடம். பார்வையாளர் முன்னதைப் பார்க்கிறார். நெருப்பு பின்னதைத்தான் பார்க்கும்.

இப்படி வெடிப்பதை விபத்தாக இல்லாமல் வேண்டுமென்றே செய்தவர்களும் இருந்திருக்கலாம். செக் நாட்டில் தோல்னி வெஸ்தொனிட்சே என்ற இடத்தில் 1925இல், பழைய அடுப்புச் சாம்பலுக்குள் இருந்து 11 சென்டிமீட்டர் உயரப் பெண் உருவம் ஒன்று இரண்டு துண்டுகளாகக் கிடைத்தது. பனியுகத்தில், மாமத யானைகள் திரிந்த காலத்தில், 25,000 ஆண்டுகளுக்கும் முன் சுட்ட மண். உலகின் மிகப் பழைய பானை ஓடுகள் சீனாவில் கிடைத்தவை. அவற்றுக்கே 20,000 வயதுதான். மனிதன் சோறாக்கப் பானை சுடுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பொம்மை சுட்டுவிட்டான் என்பது எனக்கு என்னவோ பெரிய ஆறுதலாக இருக்கிறது.

அந்த இடத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கரடி, சிங்கம் என்று ஆயிரக்கணக்கான சுடுமண் துண்டுகள் எடுத்தார்கள். முழுசாக இருந்தவை அபூர்வம். 1989இல் பமீலா வாண்டிவரும் அவருடைய குழுவினரும் உடைந்த விளிம்புகளை ஆராய்ந்தார்கள். கீழே விழுந்து உடைந்த தடமாக அது இல்லை. நெருப்பில் தெறித்த தடமாக இருந்தது. அந்த ஊர் மண்ணோ எளிதில் வெடிக்கக்கூடிய மண் அல்ல. ஈர உருவத்தை வேண்டுமென்றே தீயில் போட்டு, அது சீறித் தெறிப்பதைப் பார்ப்பதே சடங்காக இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். நிரூபிக்க முடியாத யூகம். ஆனால் முகாமில் என் காளை வெடித்தபோது, வசவுக்கு முன்பாக, எல்லோரும் ஒரு கணம் ‘ஓ’வென்று கத்தினார்கள். அந்த ‘ஓ’ பழையது.

அய்யனார் குதிரைக்கு வருவோம். ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பதில் வேலை தொடங்குகிறது. அந்தக் கைப்பிடி மண் குளத்து மண்ணோடு கலக்கிறது. குளத்து மண்ணுக்கு ஏன் இந்தக் குணம்? பாறைகளில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை மழை லட்சக்கணக்கான ஆண்டுகள் கரைத்துக் கரைத்து விட்ட மிச்சம்தான் களிமண். அதன் துகள்கள் தட்டையானவை, சீட்டுக்கட்டுப் போல. அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இராது. சீட்டுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அழுத்திய இடத்தில் நின்றும் கொள்ளும். மண் ‘பிடிக்கு வருவது’ இதனால்தான். தண்ணீர் போனதும் சீட்டுகள் நெருங்குகின்றன, உருவம் சிறுக்கிறது. ஒரு மீட்டர் குதிரை காய்ந்து முடிக்கையில் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிடும்.

எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் குறுகினால் பரவாயில்லை. காது இன்று காயும், கழுத்து நாலு நாள் கழித்துக் காயும். காய்ந்தது இழுக்கும், காயாதது வராது. நடுவில் விரிசல் விடும். பெரியவர் வீட்டில் குதிரையின் காதுக்கும் வாலுக்கும் ஈரச்சாக்கு போர்த்தி, வயிற்றைத் திறந்து போட்டிருந்தார்கள். மெலிந்ததை மூடி வை, பருத்ததைக் காற்றில் விடு. சூத்திரம் அவ்வளவுதான்.

அவர் வேறொரு குதிரை கட்டியதைப் பார்த்தேன். ‘கட்டியது’ என்பது சரியான சொல், ஏனென்றால் அது கொத்தனார் வேலை மாதிரிதான். முதலில் நான்கு கால்கள், நான்கு குழாய்கள். மண்ணைக் கயிறாகத் திரித்து வட்டமாக அடுக்கி, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டுகிறார். தட்டத் தட்டக் கயிறுகள் மறைந்து சுவராகின்றன. ஒரு சாண் ஏறியதும் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். நகம் பதியும், ஆனால் கை அமுக்கினால் அமுங்காது என்ற பதம் வரும்வரை மேலே ஒரு கயிறுகூட வைப்பதில்லை. நான்கு காலும் பாரம் தாங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் வயிறு. வயிற்றுக்கு அடியில் முட்டுக்கொடுத்த கட்டையை எடுக்கும்போது அவர் பேச்சை நிறுத்தினார்; வீடே பேச்சை நிறுத்தியது. மண்ணில் மணலும் உமியும் கலந்திருந்தது. மணல் குறுகாது, அதனால் மொத்தச் சுருக்கம் குறையும். உமி சூளையில் எரிந்துபோய், இருந்த இடமெல்லாம் மெல்லிய துளை விட்டுவைக்கும். வயிற்றில் இருப்பது பெரிய ஓட்டை என்றால் உடம்பெங்கும் லட்சம் சின்ன ஓட்டைகள்.

ஷிஆனில் 1974இல் கிணறு வெட்டியவர்கள் கண்ட சீனப் பேரரசரின் சுடுமண் படையிலும் இதே தீர்வுதான். ஆள் உயர வீரர்களின் உடற்பகுதி கயிறு அடுக்கிச் செய்த கூடு, தலை தனியாகச் செய்து பொருத்தியது. இரண்டு ஊர்க்காரர்களும் சந்தித்துப் பேசிக்கொள்ளவில்லை. மண்ணே ஒரு வழியைத்தான் அனுமதிக்கிறது.

சூளை என்றதும் செங்கல் சூளை மாதிரி கட்டடம் ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். இருந்தது வெறும் திடல். கீழே ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் விறகும் வறட்டியும், நடுவில் குதிரை, சுற்றிலும் தென்னை மட்டை, மேலே வைக்கோல் போர்வை, அதன்மேல் சேற்று மெழுகு. அங்கங்கே விரலால் குத்திய புகைத்துளைகள். சூளையும் குதிரையும் ஒரே இலக்கணம்: கூடு, கூட்டில் ஓட்டை.

முதல் சில மணி நேரத்துக்கு நெருப்பு என்று சொல்லவே முடியாது, கணகணப்புத்தான். வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. பெரியவர் அரிவாளின் தட்டைப் பக்கத்தைப் புகைத்துளைமேல் ஒரு விநாடி பிடித்து எடுத்துப் பார்த்தார். வேர்த்திருந்தது. “இன்னும் அழுகுது” என்றார். வேர்ப்பது நிற்கும் வரைக்கும் அவர் ஒரு விறகு கூடப் போடவில்லை. இதுதான் முதல் தண்ணீர், துகள்களுக்கு நடுவே ஒளிந்திருந்த தண்ணீர்.

இரண்டாவது தண்ணீர் ஒன்று உண்டு. அது அரிவாளுக்கும் தெரியாது. களிமண்ணின் முக்கியக் கனிமமான கேயோலினைட்டின் படிகத்துக்குள்ளேயே ஹைட்ராக்சில் என்ற வடிவில், அணுக்களாகக் கட்டுண்டு கிடப்பது. எத்தனை மாதம் வெயிலில் போட்டாலும் போகாது. சுத்தமான கேயோலினைட் 100 கிலோவில் இது 14 கிலோ. சுமார் 450 டிகிரிக்கு மேல்தான் கட்டு அவிழ்கிறது, 600 வாக்கில் பெரும்பாலும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அது களிமண் அல்ல. எத்தனை நாள் ஊறவைத்தாலும் குழையாது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா என்று வீட்டில் கேட்பார்களே, அந்த ஒட்டாமை பிறக்கும் வெப்பநிலை இதுதான்.

அதே பாதையில் 573 டிகிரியில் ஒரு திருப்பம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் அந்த வெப்பத்தைத் தாண்டும்போது தன் உள்ளடுக்கை மாற்றிக்கொண்டு சட்டென்று கொஞ்சம் பருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாத்லியே 1889இல் கண்டது. குளிரும்போது அதே 573இல் அது சட்டென்று சிறுக்கும். ஏறும்போது மண் இன்னும் தளர்வாக இருப்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இறங்கும்போது மண் இறுகிப்போய் இருக்கும். அப்போது ஒரு பக்கம் காற்றுப் பட்டு 500க்கும், மறுபக்கம் 650இலும் இருந்தால் குதிரையின் முதுகில் கீறல் ஓடும். தீ அணைந்த மறுநாளும் சூளையைப் பிரிக்காமல் எல்லோரையும் பெரியவர் விரட்டிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். அவரிடம் 573 என்ற எண் கிடையாது. “சூடா இருக்கும்போது தொறந்தா சாமி கோவிச்சுக்கும்” என்றார். பேரப்பிள்ளைகளை நிறுத்துவதற்கு எண்ணைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

இந்தத் திறந்த சூளை 700, 800, மிஞ்சினால் 900 டிகிரியைத் தொடும். உள்ளே எட்டிப் பார்த்தால் மங்கிய சிவப்பிலிருந்து செம்பருத்திச் சிவப்பு வரைக்கும். குதிரை சிவப்பாவது மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவின் நிறம் எடுப்பதால். எங்காவது கட்டை சாய்ந்து மூடி, காற்றுப் போகாமல் இருந்தால் அந்த இடத்தில் ஆக்சிஜன் கிடைக்காது. கரி மண்ணில் ஏறும், இரும்பும் கறுக்கும். குதிரையின் தொடையில் இருந்த கருந்திட்டு அப்படி வந்தது. அதைத் தவறு என்று யாரும் நினைக்கவில்லை, எப்படியும் மேலே வண்ணம் பூசப்போகிறார்கள். ஆனால் இந்தத் ‘தவறை’ வேண்டுமென்றே செய்தவர்களும் இதே மண்ணில் உண்டு. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானைகளில் உள்ளும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றில்லை, வெளியே காற்றுண்டு. ஒரே மண், ஒரே தீ, இரண்டு நிறம்.

விறகுத் தீயை இன்னும் மேலே ஏற்ற வேண்டுமானால் திடல் போதாது, கூரையும் புகைபோக்கியும் உள்ள சூளை வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த ‘அனகமா’ என்ற சூளை, மலைச்சரிவில் படுத்திருக்கும் பொந்து மாதிரி. கீழ்வாயில் விறகு, மேல்முனையில் புகை. சரிவே புகைபோக்கியின் வேலையைச் செய்து காற்றை உறிஞ்சுகிறது. விறகு இதற்குத் தோதான எரிபொருள். அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகப் பிரிந்து பிறகுதான் எரிகிறது. அதனால் சுவாலை நீளும், பாம்பு போலச் சிற்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். பிசென் என்ற ஊரில் இப்படிப் பத்து நாளுக்கு மேலும் சுடுகிறார்கள், சில நிமிடத்துக்கு ஒருமுறை பைன் விறகு போட்டு, இரவு பகல் முறைவைத்து.

இந்த நாட்களில் டன் கணக்கில் விறகு எரிகிறது. ஒரு டன் விறகு ஐந்து பத்து கிலோ சாம்பல் விடும். அந்தச் சாம்பல் சுவாலையோடு பறந்து சிற்பத்தின் தோளிலும் நெற்றியிலும் அமர்கிறது. இங்கே வேதியியல் ஒரு வித்தை காட்டுகிறது. சாம்பலில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. அது உருக 2,600 டிகிரி ஆகும். மண்ணிலுள்ள சிலிக்காவுக்கு 1,700 வேண்டும், அலுமினாவுக்கு 2,000க்கும் மேல். மூன்றும் பிடிவாதக்காரர்கள். ஆனால் குறிப்பிட்ட விகிதத்தில் மூன்றையும் சேர்த்து வைத்தால் 1,170 டிகிரியிலேயே உருகிவிடும். சாம்பலில் உள்ள பொட்டாசியம் இன்னும் எளிதாக்குகிறது. 1,250 டிகிரி வாக்கில் சாம்பல் கண்ணாடியாகி, பச்சையும் பழுப்புமாய் வழிந்து, சிற்பத்தின் முகவாயில் சொட்டாக நிற்கிறது. யாரும் பூசாத மெருகு. தீ வந்த பக்கம் கண்ணாடி, மறுபக்கம் வெறும் மண். தீ எந்தத் திசையில் போனது என்பதைச் சுட்ட சிற்பத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிதான் இந்த உயர்வெப்ப மண்வேலையை நம் பக்கம் வேரூன்றச் செய்தது. மீக்கர் ஒரு படி மேலே போய், சுடாத செங்கல்லில் வீடு கட்டி, வீட்டையே சூளையாக்கி உள்ளே தீ மூட்டிச் சுட்டார். உள்ளே வெற்றிடம் கொண்ட சுடுமண் சிற்பத்தில் ஆள் குடியிருக்கலாம் என்றால் அதற்குப் பெயர் வீடு.

அப்படியானால் அய்யனார் குதிரையையும் 1,250க்குச் சுட்டுக் கல்லாக்கலாமே என்று நகரத்து நண்பர் ஒருவர் ஆசைப்பட்டார். ஊர்க் குளத்து மண்ணில் சின்னக் குதிரை செய்து, தெரிந்தவர் சூளையில் வைத்தார். கால்கள் மடங்கி, வயிறு அப்பம் மாதிரி உப்பிப் போய் வந்தது. இரும்பு மிகுந்த மண் அந்த வெப்பத்தில் தானே உருகத் தொடங்கிவிடும். எந்த மண்ணுக்கு எந்தத் தீ என்பது ஜாதகப் பொருத்தத்தைவிடக் கறாரானது.

தீயை அளப்பதற்கும் ஒரு வார்த்தை. 1886இல் பெர்லினில் ஹெர்மன் செகர், குறிப்பிட்ட கலவையில் செய்த விரல் நீள மண்கூம்புகளைச் சூளைக்குள் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கூம்பு வளைந்து தலை குனிந்தால் வெந்தது என்று அர்த்தம். இன்று மின்னணு வெப்பமானி இருந்தும் சூளைக்காரர்கள் கூம்பை விடவில்லை. வெப்பமானி சூட்டை மட்டும் சொல்லும். கூம்பு சூட்டையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லும். இட்லிப் பானையின் ஆவி எத்தனை டிகிரி என்று யாரும் அளப்பதில்லை, இட்லியைத்தான் குத்திப் பார்க்கிறோம்.

இனி அந்த ஒட்டாத மண்ணைப் பற்றி ஒரு திருத்தம். சுட்ட மண்ணை விட்டு ஓடிய இரண்டாவது தண்ணீர் திரும்பாது என்ற பொருள்பட எழுதியிருந்தேன். திரும்புகிறது. சூளையிலிருந்து எடுத்த நாளிலிருந்தே சுட்ட மண் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லத் தன் படிகத்துக்குள் கட்டிக்கொள்கிறது, எடை ஏறுகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மொய்ரா வில்சன் குழுவினர் 2009இல், இந்த எடை காலத்தின் நான்காம் மூலத்தைப் பின்பற்றி ஏறுகிறது என்று காட்டினார்கள். முதல் ஆண்டில் ஒரு பங்கு ஏறினால், இரண்டாவது பங்குக்கு 16ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும், மூன்றாவது பங்கு சேர 81 ஆண்டு. எடையிலிருந்து வயதைக் கணக்கிட முடியுமா என்று பழைய செங்கற்களைச் சோதித்தார்கள். இங்கிலாந்தின் கான்டர்பரி நகரத்து இடைக்காலச் செங்கல் ஒன்று 66 வயது என்று சொன்னது. திகைத்துப் போய்த் தேடினால், இரண்டாம் உலகப் போரில் அந்த நகரம் குண்டு விழுந்து எரிந்திருக்கிறது. அந்தத் தீ செங்கல்லை மறுபடி சுட்டு, சேர்ந்திருந்த தண்ணீரை விரட்டி, வயதைச் சுழியத்துக்குக் கொண்டுவந்திருந்தது. எல்லா மண்ணுக்கும் இந்த முறை பிசகாமல் பொருந்துமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தண்ணீர் திரும்புவதில் வாதம் இல்லை.

குதிரையைக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்பு முடிந்து நான்கைந்து மாதம் கழித்து அந்த ஊருக்குப் போனபோது கோயில் வரிசையில் புதுக்குதிரை நின்றது. அதற்குப் பின்னால் பழைய குதிரைகள், காது போனவை, கால் போனவை, வயிறு மட்டும் மிஞ்சி மண்ணில் பாதி புதைந்தவை. அன்று மழை தூறியிருந்தது. நான்காம் மூலத்தை விட்டுவிட்டு மற்றதைப் பெரியவரிடம் சொன்னேன்: நீங்கள் விரட்டிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறதாம் ஐயா, ஆயிரம் வருஷம் ஆனாலும் வந்துகொண்டே இருக்குமாம்.

“வரட்டும் தம்பி” என்றார். “அதான் ஓட்டை இருக்கே.”